லினக்ஸுக்கு மாறலாம்... ஆனா வைஃபை வருமா? பழைய லேப்டாப்பை அழிக்கும் முன் செய்ய வேண்டிய அரை மணி நேர டெஸ்ட்

விண்டோஸ் 10-க்கான இலவச பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நின்றுவிட்டன. கூடுதல் அப்டேட் திட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை அவகாசம். சரி, விண்டோஸ் 11-க்குப் போகலாமே என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால் பொதுவாக 8-ம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். அது 2017 கடைசியில்தான் சந்தைக்கே வந்தது. அதற்கு முந்தைய லேப்டாப் எல்லாம், நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், கணக்கில் வராது.

அப்போதுதான் நண்பர் யாராவது சொல்வார்: "லினக்ஸ் போட்டுடு மச்சான், பறக்கும்!"

அவர் சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் போட்ட பிறகு வைஃபை வரவில்லை, பிரிண்டர் அசையவில்லை, ஸ்க்ரீன் கறுப்பாகவே நிற்கிறது என்று தலையில் கை வைத்தவர்களும் நிறைய. ஏன் ஒரு லேப்டாப்பில் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை, இன்னொன்றில் இரண்டு நாள் இழுக்கிறது? உங்கள் லேப்டாப் எந்த ரகம் என்று முன்னாடியே தெரிந்துகொள்ள முடியுமா? முடியும். பார்ப்போம்.

இது யாருக்கு முக்கியம்?

தமிழ்நாடு அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. அதன் பிறகான ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் மாணவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. அன்று பிளஸ் டூ படித்தவர்கள் இன்று வேலைக்குப் போய்விட்டார்கள். லேப்டாப் வீட்டு பீரோ மேல் தூங்குகிறது, அல்லது தம்பி, தங்கை கையில் இருக்கிறது.

சென்னையில் இருப்பவருக்கு லினக்ஸ் சொதப்பினால் பக்கத்துத் தெருவில் சர்வீஸ் கடை இருக்கும். வீட்டில் பிராட்பேண்ட் இருக்கும். நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் வளப்பூர் நாடு ஊராட்சியில் இருக்கும் மாணவரை நினைத்துப் பாருங்கள். (கொல்லிமலையில் ஊராட்சிகளின் பெயரே 'நாடு' என்றுதான் முடியும்.) மலையில் டவர் சிக்னல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கிடைக்காது. மெக்கானிக்கைத் தேடி நாமக்கல் போக வேண்டுமென்றால் காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். அவருக்கு லேப்டாப் 'சும்மா ட்ரை பண்ணிப் பார்க்கும்' பொருள் இல்லை. ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், செமஸ்டர் புராஜெக்ட், வேலை தேடல் எல்லாம் அந்த ஒன்றில்தான். ஆக, அழித்துவிட்டு அப்புறம் பார்ப்பது அவருக்குக் கட்டுப்படியாகாது.

'டிரைவர்' என்றால் என்ன?

பெயரிலேயே விளக்கம் இருக்கிறது. பஸ் எவ்வளவு புதுசாக இருந்தாலும், 70 வளைவும் தெரிந்த டிரைவர் இல்லாவிட்டால் மலை ஏறாது. கம்ப்யூட்டரும் அப்படித்தான். வைஃபை சிப், சவுண்ட் சிப், டச்பேட், கேமரா, பிரிண்டர் என்று ஒவ்வொரு பாகத்துக்கும் அதை ஓட்டத் தெரிந்த ஒரு சாஃப்ட்வேர் வேண்டும். அதுதான் டிரைவர்.

விண்டோஸில் இந்த டிரைவரை எழுதுவது அந்தப் பாகத்தைத் தயாரித்த நிறுவனமே. விண்டோஸில் ஓடாத வைஃபை சிப்பை யார் வாங்குவார்கள்? வியாபாரம் நடக்க வேண்டுமானால் எழுதியே ஆக வேண்டும்.

லினக்ஸில் கதை வேறு. 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே ஆயிரக்கணக்கான டிரைவர்கள் இருக்கின்றன. இவற்றில் சிலவற்றைத் தயாரிப்பு நிறுவனமே எழுதித் தரும். இன்டெல் நீண்ட காலமாக இதைச் செய்கிறது. சிலவற்றை, சிப் எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்துத் தன்னார்வலர்கள் எழுதியிருப்பார்கள். சிலவற்றுக்கு யாருமே எழுதியிருக்க மாட்டார்கள்.

எனவே "லினக்ஸ் கஷ்டமா, ஈஸியா?" என்று கேட்பதால் பதில் கிடைக்காது. "என் லேப்டாப்பில் இருக்கும் சிப்புக்கு கர்னலுக்குள் டிரைவர் இருக்கா?" என்று கேட்க வேண்டும். ஒரே கம்பெனி, ஒரே மாடல் லேப்டாப்பில்கூட இரண்டு பேட்ச்சில் இரண்டு வேறு வைஃபை சிப் இருக்கலாம். நண்பருக்கு வேலை செய்தது உங்களுக்கு வேலை செய்யாமல் போவதற்கு இதுவே காரணம்.

எங்கெங்கே மாட்டும்?

பிராசஸர், ராம், கீபோர்டு, ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றில் பிரச்சினை வருவது அபூர்வம். வழக்கமாக மாட்டுவது இந்த ஐந்து இடங்கள்.

1. வைஃபை: புகார் பட்டியலில் முதலிடம் இதற்குத்தான். இன்டெல் சிப் என்றால் பெரும்பாலும் உடனே வேலை செய்யும். பிராட்காம் சிப் என்றால் பல மாடல்களுக்குத் தனி டிரைவரோ, 'ஃபர்ம்வேர்' என்ற கூடுதல் ஃபைலோ தேவைப்படும். விலை குறைந்த லேப்டாப்களில் அதிகம் இருக்கும் ரியல்டெக் சிப்பில் பாதிக்குப் பாதி. உதாரணத்துக்கு, 'ஆர்டிஎல்8723பிஇ' என்ற சிப் லினக்ஸில் வேலை செய்யும். ஆனால் ஒரே ஒரு ஆன்டெனா மட்டும் இணைக்கப்பட்ட சில லேப்டாப்களில் ரூட்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாலும் சிக்னல் ஒரு கோடுதான் காட்டும். எந்த ஆன்டெனா என்று செட்டிங்கில் சொல்லிக் கொடுத்தால் சரியாகிவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வைஃபை டிரைவரை டவுன்லோட் செய்ய இன்டர்நெட் வேண்டும். இன்டர்நெட் வர வைஃபை டிரைவர் வேண்டும்! மலையில் இருப்பவருக்கு வலிக்கும் இடம் இதுவே. தீர்வு கீழே.

2. கிராஃபிக்ஸ் கார்டு: இன்டெல், ஏஎம்டி கிராஃபிக்ஸ் என்றால் கவலை குறைவு. என்விடியா என்றால் கவனம். 2012-ல் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக மேடையில் டோர்வால்ட்ஸ் என்விடியாவை நடுவிரல் காட்டித் திட்டியது டெக் உலகில் பிரபலம். 2022 மே மாதம்தான் அந்த நிறுவனம் தன் கர்னல் டிரைவர்களை ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டது. அதுவும் டூரிங் தலைமுறையும் அதற்குப் பிந்தைய கார்டுகளும் மட்டுமே. பழைய ஜிஃபோர்ஸ் கார்டுகளுக்கு 'நூவோ' என்ற தன்னார்வ டிரைவர் இருக்கிறது. பிரவுசர், ஆஃபீஸ் வேலைக்கு ஓகே. கேமிங் என்றால் ஏமாற்றம்தான்.

3. டிஸ்க்கே தெரியவில்லை: லினக்ஸ் இன்ஸ்டால் செய்யும்போது "டிஸ்க் இல்லை" என்று சொன்னால் டிஸ்க் போய்விட்டது என்று பதற வேண்டாம். சில இன்டெல் லேப்டாப்களில் ஸ்டோரேஜ் 'ஆர்எஸ்டி' அல்லது 'ரெய்டு' என்ற முறையில் செட் செய்யப்பட்டிருக்கும். பயாஸில் அதை 'ஏஹெச்சிஐ' என்று மாற்றினால் டிஸ்க் தெரியும். ஆனால் விண்டோஸையும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் நேரடியாக மாற்றாதீர்கள். விண்டோஸ் பூட் ஆகாமல் போகலாம். முதலில் விண்டோஸை சேஃப் மோடுக்குப் போகும்படி அமைத்துவிட்டு, பிறகுதான் மாற்ற வேண்டும்.

4. செக்யூர் பூட்: அங்கீகாரம் இல்லாத சாஃப்ட்வேர் பூட் ஆகாமல் தடுக்கும் பூட்டு இது. உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவை இந்தப் பூட்டோடே பூட் ஆகும். சிக்கல் வருவது என்விடியா, பிராட்காம் போன்ற தனி டிரைவர் சேர்க்கும்போது. இன்ஸ்டால் நடுவே ஒரு பாஸ்வேர்ட் கேட்கும். ரீஸ்டார்ட் ஆனதும் நீல நிற ஸ்க்ரீன் வரும். பலர் அதை எரர் என்று நினைத்து எதையோ அழுத்திக் கடந்துவிடுவார்கள். அங்கே 'என்ரோல் எம்ஓகே' என்பதைத் தேர்வு செய்து அதே பாஸ்வேர்டைக் கொடுத்தால்தான் அந்த டிரைவருக்கு அனுமதி கிடைக்கும்.

5. பிரிண்டர்: நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் அடிக்கடி கண்ணில் படும் இரண்டு பிரிண்டர்களும் லினக்ஸுக்குக் கொஞ்சம் முரண்டு பிடிப்பவை. கேனான் எல்பிபி 2900, கம்பெனியின் சொந்த முறையான 'காப்ட்'-ல் பேசும். அதற்கு டிரைவரைத் தனியாக இறக்கி நிறுவ வேண்டும். ஹெச்பி லேசர்ஜெட் 1020 ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டரிடமிருந்து ஃபர்ம்வேரை வாங்கிக்கொண்டால்தான் இயங்கும். அதற்கான பிளக்-இன்னை ஒருமுறை டவுன்லோட் செய்ய நெட் வேண்டும். சமீபத்திய வைஃபை பிரிண்டர்கள் பல டிரைவரே கேட்காமல் வேலை செய்யும்.

பழையது சேஃப், புத்தம்புதுசுதான் ரிஸ்க்!

கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் லினக்ஸைப் பொறுத்தவரை ஐந்தாறு வருடம் பழைய லேப்டாப் பெரும்பாலும் நல்ல கேண்டிடேட். அதற்குள் அந்த சிப்புக்கான டிரைவர் எழுதப்பட்டு, கர்னலில் சேர்ந்து, பிழைகளும் திருத்தப்பட்டிருக்கும். போன மாதம் வந்த மாடலில் இருக்கும் வைஃபை சிப்பை, இரண்டு வருடத்துக்கு முந்தைய கர்னல் பார்த்திருக்கவே வாய்ப்பில்லை. அதற்குப் புதிய கர்னல் உள்ள பதிப்பு வேண்டும்.

அதே சமயம் 'பழையது' என்பதற்கும் ஒரு எல்லை உண்டு. உபுண்டு 2017-லேயே 32-பிட் டெஸ்க்டாப் பதிப்பை நிறுத்திவிட்டது. 2025 ஆகஸ்ட்டில் வந்த டெபியன் 13-ல் 32-பிட் பிசிக்களுக்கான இன்ஸ்டாலர் இல்லை. உங்கள் பிராசஸர் 64-பிட்டா என்று முதலில் பாருங்கள். 2 ஜிபி ராம் உள்ள ஆரம்ப கால மாடல் என்றால் லினக்ஸ் ஓடும், ஆனால் குரோமில் நாலு டேப் திறந்தால் திணறும். 4 ஜிபி ஆக்கிவிட்டு, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி மாட்டினால் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

அரசு லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்கெனவே இருந்ததே!

ஆமாம். பலர் மறந்துவிட்ட விஷயம் இது. விலையில்லா லேப்டாப்கள் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸையும் சேர்த்தே வந்தன. பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-ல் வெளியிட்ட இந்திய லினக்ஸ். டெபியனை அடிப்படையாகக் கொண்டது. ஆன் செய்ததும் "எதில் போக வேண்டும்?" என்று கேட்கும் திரை நினைவிருக்கலாம்.

இதற்கு முன்பும் ஒரு முயற்சி நடந்தது. 2006-க்குப் பிறகு சி.உமாசங்கர் எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, அந்த அரசு நிறுவனம் தன் அலுவலகக் கம்ப்யூட்டர்களை சூஸே லினக்ஸுக்கு மாற்றியது. கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வியைக் கவனிக்கும் 'கைட்' அமைப்பு, உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு தனக்கென ஒரு லினக்ஸ் பதிப்பையே வைத்திருக்கிறது.

இதில் நமக்கு என்ன பாடம்? தனி ஆள் ஒரு லேப்டாப் வாங்கும்போது "லினக்ஸ் டிரைவர் இருக்கா?" என்று கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். அரசு லட்சக்கணக்கில் வாங்கும்போது அதே கேள்வியை டெண்டரிலேயே எழுதினால், கம்பெனி லினக்ஸ் ஓடும் மெஷினைத்தான் கொடுத்தாக வேண்டும். டிரைவர் தலைவலி வாங்கும் மாணவரிடமிருந்து விற்பவரிடம் போய்விடும். 2025-26 தமிழக பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவிக்கப்பட்டது. அத்தனை பெரிய கொள்முதலில் இந்த ஒரு நிபந்தனைக்கு உள்ள பலம், பல வருடம் கழித்து விண்டோஸ் ஆதரவு முடியும்போதுதான் தெரியும்.

அரசு லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல செய்தி. உங்கள் மெஷினில் லினக்ஸ் ஒருமுறை ஓடியிருக்கிறது. ஆனால் அன்றைய கர்னலுக்கென்று தனியாகச் சேர்த்த டிரைவர் இன்றைய கர்னலில் இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. டெஸ்ட் செய்யாமல் இறங்க வேண்டாம்.

சரி, டெஸ்ட் எப்படி?

லினக்ஸை இன்ஸ்டால் செய்யாமலேயே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். இதற்கு 'லைவ்' மோடு என்று பெயர். உங்கள் டிஸ்க்கில் ஒரு ஃபைல்கூட மாறாது.

தயாரிப்பு: புதியவர்களுக்கு லினக்ஸ் மின்ட் நல்ல தொடக்கம். அதன் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. பழைய மெஷினுக்கு அதிலேயே லேசான 'எக்ஸ்எஃப்சிஇ' பதிப்பை எடுங்கள். ஃபைல் சுமார் 3 ஜிபி. மலையில் இருப்பவர்கள் காலேஜிலோ, கீழே டவுனுக்குப் போகும்போதோ இறக்கிக்கொள்வது நல்லது. 8 ஜிபி பென்டிரைவ் போதும். அதில் இருக்கும் ஃபைல்கள் அழிந்துவிடும் என்பதால் காலியானதை எடுங்கள். விண்டோஸில் 'ரூஃபஸ்' என்ற இலவச சாஃப்ட்வேர் மூலம் எழுதலாம். வேறு கம்ப்யூட்டர் இல்லையா? ஓடிஜி கேபிள் இருந்தால் ஆண்ட்ராய்டு போனிலிருந்தே 'எட்ச்டிராய்டு' ஆப் மூலம் எழுத முடியும்.

சிப் பெயர்: விண்டோஸ் ஓடும்போதே டிவைஸ் மேனேஜரில் 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்', 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' இரண்டையும் திறந்து போட்டோ எடுத்து வையுங்கள். அந்தப் பெயரோடு 'லினக்ஸ்' என்று சேர்த்துத் தேடினால் பாதி விடை கிடைத்துவிடும்.

பூட்: பென்டிரைவைச் செருகி ஆன் செய்து, லெனோவா, டெல் என்றால் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9 அழுத்தினால் பெரும்பாலான மாடல்களில் பூட் மெனு வரும். பயாஸ் பாஸ்வேர்ட் கேட்டால் நிறுத்திவிட்டு, முன்பு வைத்திருந்தவரிடம் விசாரியுங்கள். பயாஸில் எதையாவது மாற்றும் முன், விண்டோஸில் பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்து 48 இலக்க ரெக்கவரி கீயைக் கண்டிப்பாக எழுதி வையுங்கள். அது இல்லாவிட்டால் உங்கள் ஃபைல்களை நீங்களே திறக்க முடியாது.

செக் லிஸ்ட்: லைவ் மோடில் வந்ததும் இன்ஸ்டால் ஐகானைத் தொடாமல் இவற்றைப் பாருங்கள்:

- வைஃபை தெரிகிறதா? இணைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனாலும் நிற்கிறதா?
- யூடியூபில் சத்தம் வருகிறதா? ஹெட்போன், மைக் வேலை செய்கிறதா?
- கேமரா, புளூடூத் ஓகேவா?
- பிரைட்னஸ், வால்யூம் பட்டன்கள், டச்பேடில் இரண்டு விரல் ஸ்க்ரோல்?
- மூடியை மூடி ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தால் எழுந்திருக்கிறதா?
- ஹெச்டிஎம்ஐ கேபிளில் டிவி, புரொஜெக்டர் தெரிகிறதா?
- நீங்கள் தினமும் பயன்படுத்தும் பிரிண்டர்?

எல்லாம் பாஸ் என்றால் தைரியமாக அடுத்த கட்டத்துக்குப் போகலாம். ஒன்றிரண்டு ஃபெயில் என்றால் அது இல்லாமல் உங்களால் இருக்க முடியுமா என்று யோசியுங்கள். கைரேகை சென்சார் வேலை செய்யாவிட்டால் பாஸ்வேர்ட் டைப் செய்துகொள்ளலாம். ஆன்லைன் இன்டர்வியூ நேரத்தில் மைக் வேலை செய்யாவிட்டால் கஷ்டம்.

வைஃபை வரலைன்னா?

முதல் வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து 'யுஎஸ்பி டெதரிங்' ஆன் செய்யுங்கள். இதற்கான டிரைவர் லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே இருப்பதால் பெரும்பாலும் உடனே நெட் வரும். போன் வைஃபையில் இருந்தாலும் அதையே கேபிள் வழியாகக் கொடுக்கும். அதை வைத்து மின்ட்டின் 'டிரைவர் மேனேஜர்' மூலம் தேவையான டிரைவரை இறக்கிக்கொள்ளலாம்.

சிக்னலே இல்லையா? இன்ஸ்டால் செய்த பிறகு அதே பென்டிரைவைச் செருகினால், டிரைவர் மேனேஜர் பிராட்காம் போன்ற சில டிரைவர்களை அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். டெபியனும் இதில் இறங்கி வந்துவிட்டது. தங்கள் கொள்கைப்படி இலவச மென்பொருள் அல்லாத ஃபர்ம்வேரை இன்ஸ்டாலரில் சேர்க்காமல் இருந்தவர்கள், 2022-ல் ஓட்டெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் சேர்த்துவிட்டார்கள்.

கடைசி வழி, ஹார்டுவேரையே மாற்றுவது. பல லேப்டாப்களில் வைஃபை கார்டைக் கழற்றி இன்டெல் கார்டு மாட்டலாம். ஆனால் சில பழைய ஹெச்பி, லெனோவா மாடல்களின் பயாஸ், தன் பட்டியலில் இல்லாத கார்டை ஏற்காது. யுஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்குவதாக இருந்தால் பெட்டியில் 'லினக்ஸ் சப்போர்ட்' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். கூட வரும் சிடியில் இருப்பது பல நேரம் பழைய கர்னலுக்கான டிரைவர். அப்படிப்பட்ட வெளி டிரைவர் இன்று வேலை செய்தாலும், அடுத்த கர்னல் அப்டேட்டில் நின்றுவிடலாம். கர்னலுக்குள்ளேயே டிரைவர் இருக்கும் சிப்பைத் தேடி வாங்குவதுதான் நிம்மதி.

யாரெல்லாம் மாற வேண்டாம்?

டேலியில் கணக்கு பார்ப்பவர்கள், ஃபோட்டோஷாப்பை நம்பி இருப்பவர்கள் முழுவதுமாக மாறுவது சரிவராது. டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன், ஆதார் கைரேகை மெஷின் போன்றவை வைத்து வேலை செய்பவர்கள், அந்த மாடலுக்கு லினக்ஸ் சாஃப்ட்வேர் உண்டா என்று விற்றவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். இடம் இருந்தால் விண்டோஸையும் வைத்துக்கொண்டு டூயல் பூட் போடலாம். ஆனால் ஆதரவு முடிந்த விண்டோஸில் பேங்க் வேலை பார்ப்பதைத் தவிருங்கள்.

எதைச் செய்தாலும், முதலில் போட்டோ, சர்டிஃபிகேட் ஸ்கேன், புராஜெக்ட் ஃபைல்களை வேறு டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ காப்பி எடுத்துவிடுங்கள். லினக்ஸ் சரியாக வரவில்லை என்றால் மறுபடி முயற்சி செய்யலாம். அழிந்த மார்க்‌ஷீட் ஸ்கேனுக்கும், பாதி எழுதிய புராஜெக்ட்டுக்கும் அந்த வாய்ப்பு இல்லை.